கூடையில் மூங்கில் எவ்வளவு, காற்று எவ்வளவு?

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் சுங்கை பாலாசில் தேநீர் குடிப்பார்கள், பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி வாங்குவார்கள், தேயிலைச் சரிவுகளின் முன் நின்று படம் பிடிப்பார்கள். கொழுந்துக் கூடையைக் கூர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்கக் கிடைப்பதும் இப்போது குறைந்துவிட்டது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், நம் முன்னோர் கையால் கிள்ளிய கொழுந்து முதுகில் தொங்கிய கூடையில்தான் விழுந்தது. இன்று சரிவான இடங்களில் கத்தரி, மற்ற இடங்களில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போகும் இயந்திரம். கையால் கிள்ளுவது அபூர்வம்.

இருந்தாலும் எங்காவது ஒரு பழைய கூடை கிடைத்தால் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகும். அந்தச் சுவரில் மூங்கில் எவ்வளவு, காற்று எவ்வளவு? விளையாட்டுக் கேள்வி போலத் தெரியும். ஆனால் மலாக்காவிலும் சுபாங்கிலும் விமானப் பாகம் செய்யும் தொழிற்சாலைகள் ஒவ்வொரு நாளும் கேட்கும் கேள்வி இதுதான். அங்கே மூங்கிலுக்குப் பதில் கார்பன் நார் அல்லது கண்ணாடி நார். காற்றுக்குப் பதில் ரெசின் என்னும் பிசின்.

நாரைத் துணியாக நெய்து, பிசினில் ஊறவைத்து, இறுக வைத்துச் செய்வதுதான் கம்போசிட் எனப்படும் கூட்டுப் பொருள். நம் வீட்டுப் பின்புறத்து 'ஃபைபர்' தண்ணீர்த் தொட்டியும் மீனவர்களின் ஃபைபர் படகும் அந்தக் குடும்பத்தின் ஏழைச் சொந்தங்கள். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழ பாதி இந்த வகைப் பொருள். ஏர்பஸ் ஏ350-இல் பாதிக்குச் சற்று மேல். 1990-இல் தொடங்கப்பட்ட நம் சி.டி.ஆர்.எம். நிறுவனம் மலாக்கா பத்து பிரண்டாமில் ஏர்பஸ் விமானங்களுக்கான பாகங்களைச் செய்கிறது.

அப்துல் கலாம் மேடைகளில் சொல்லி வந்த ஒரு நிகழ்ச்சி பலருக்கு நினைவிருக்கும். ஏவுகணைக்காக உருவாக்கிய இலகுவான பொருளைத் தூக்கிப் பார்த்த ஐதராபாத் எலும்பு மருத்துவர் ஒருவர், அவரைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் கால் தாங்கிகளை இழுத்துக்கொண்டு நடந்த குழந்தைகளைக் காட்டினார். மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையில் தாங்கிகள் தயாராயின. எடை குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி கணக்குக்கு வருவோம். வானொலியில் பேசிப் பழகிய எனக்கு எண்களைக் காதில் விழுகிற மாதிரி சொன்னால்தான் திருப்தி. அதனால் கூடையிலிருந்தே தொடங்குகிறேன்.

40 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்ட உருளைக் கூடை என்று வைத்துக்கொள்வோம். சுவரும் அடிப்பகுதியும் சேர்த்துப் பரப்பு சுமார் 7,500 சதுர செ.மீ. சுவரின் தடிப்பு 4 மில்லிமீட்டர். ஆக, சுவர் அடைத்துக்கொள்ளும் இடம் 3,000 கன செ.மீ. இப்போது கூடையைத் தராசில் வைக்கிறோம்: 1.2 கிலோ. காய்ந்த மூங்கில் ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.7 கிராம் என்றால், உண்மையான மூங்கில் 1,700 கன செ.மீ.தான். 3,000-இல் 1,700, அதாவது 57 விழுக்காடு. மீதி 43 விழுக்காடு காற்று.

கதை இங்கே முடியவில்லை. மூங்கில் பட்டையே தனக்குள் ஒரு கூட்டுப் பொருள். அதில் வலுவான நார்க்கட்டுகள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி மென்மையான திசு இருக்கிறது. வெளித்தோல் பக்கம் நார் நெருக்கமாக இருக்கும். உள்பக்கம் போகப் போகக் குறையும். கூடை முடைகிறவர்கள் வெளிப்பட்டையை விரும்புவது சும்மா இல்லை. ஒரு பட்டையில் சராசரியாக 40 விழுக்காடு நார் என்று வைத்தால், கூடைச் சுவரில் உண்மையான நார் எவ்வளவு? 57-இல் 40 விழுக்காடு. வெறும் 23!

இரண்டு படிகள் இருப்பதைக் கவனியுங்கள். சுவரில் பட்டையின் பங்கு ஒன்று, பட்டைக்குள் நாரின் பங்கு இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால்தான் விடை. நெய்த துணியால் ஆன கூட்டுப் பொருளும் அப்படியே.

முடியைவிடப் பத்து மடங்கு மெலிது

விமானத்துக்கு நெய்யும் கார்பன் துணியில் பாவு நூலும் ஊடு நூலும் உண்டு. நம் தறியில் பார்க்கும் அதே ஏற்ற இறக்கம்தான். ஆனால் ஒவ்வொரு 'நூலும்' ஒற்றை நூல் இல்லை. 3,000 இழைகள் சேர்ந்த கற்றை. ஓர் இழையின் தடிப்பு 7 மைக்ரான், தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 3,000 இழைகளின் வெட்டுப் பரப்பைக் கூட்டினால் 0.115 சதுர மில்லிமீட்டர் வரும். நுண்ணோக்கியில் அந்தக் கற்றை அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை அளந்து 0.165 வந்தால், கற்றைக்குள் நார் 70 விழுக்காடு. மீதி 30 பிசின். கற்றைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் தனிப் பிசின் தேங்கி நிற்கும். அதையும் சேர்த்தால் மொத்தத்தில் நாரின் பங்கு இன்னும் இறங்கும்.

இந்த மொத்தப் பங்கைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி தராசும் தடிப்பு அளவியும்தான். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடித் துணி 8 அடுக்கு. மொத்தம் 2,400 கிராம் நார். கண்ணாடி நாரின் அடர்த்தி 2.55. ஆக நார் அடைக்கும் இடம் 941 கன செ.மீ. பலகையின் தடிப்பு 2 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரின் மொத்த கன அளவு 2,000. விடை 47 விழுக்காடு.

அதே 8 அடுக்கைச் சற்று அழுத்தித் தடிப்பை 1.8 மில்லிமீட்டராக்கினால்? 52 விழுக்காடு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு மாறியதற்கு 5 புள்ளி ஏறிவிட்டது. தடிப்பை அவசரமாக அளப்பவருக்கு இந்தக் கணக்கு மன்னிப்பு வழங்காது.

நார் கூடக் கூட நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. கண்ணாடி நாரின் விறைப்பு 72 கிகா பாஸ்கல். எப்பாக்சிப் பிசினுடையது 3. எல்லா நாரும் ஒரே திசையில் ஓடினால், பாதிக்குப் பாதியில் 37.5 வரும்; 60 விழுக்காட்டில் 44.4. (நெய்த துணியில் நார் இரு திசைக்கும் பிரிந்துவிடும், நெளிந்தும் போகும். அதனால் இதைவிடக் குறையும்.) ஆனால் அதே 50-லிருந்து 60-க்கு ஏறும்போது பிசின் ஊடுருவிப் போகும் வழி அடைபடுகிறது. கோசெனி–கார்மன் என்ற பழைய சூத்திரப்படி, ஊடுருவும் எளிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். பிசின் போகாத இடத்தில் காய்ந்த நாரும் காற்றுக் குமிழியும் நிற்கும். கையால் பூசிச் செய்யும் நெய்த துணிப் பலகைகளில் நார் 30, 40 விழுக்காட்டோடு நின்றுவிடுவதற்கும், அழுத்தக் கலனில் வேகவைக்கும் விமானப் பாகங்களில் 55, 60 வரை போக முடிவதற்கும் காரணம் இந்த இழுபறிதான்.

கணினி ஏற்கும், இயற்கை ஏற்காது

ஒவ்வொரு பாகத்தையும் செய்து உடைத்துப் பார்க்க நேரமும் காசும் போதாது. அதனால் துணியைக் கணினியில் வரைந்து சோதிக்கிறார்கள். பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் டெக்ஸ்ஜென் என்ற மென்பொருளை இலவசமாகவே தருகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் உருவானது வைஸ்டெக்ஸ். புள்ளிக் கோலத்தில் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வருவதுபோல், நெசவிலும் திரும்ப வரும் ஒரு சிறு கட்டத்தை மட்டும் வரைந்தால் போதும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. வரைகிறவர் கற்றையின் குறுக்கு வெட்டை அழகான நீள்வட்டமாகப் போடுகிறார். அப்படிப் போட்டால் கட்டத்துக்குள் கற்றைகள் 55 விழுக்காடு இடத்தைத்தான் பிடிக்கின்றன. ஆனால் தராசு சொன்ன மொத்த நார்ப் பங்கு 50. இரண்டையும் பொருத்த வேண்டுமென்றால் கற்றைக்குள் நார் 50-ஐ 55-ஆல் வகுத்த அளவு, அதாவது 91 விழுக்காடு இருக்க வேண்டும். மென்பொருள் அதை மறுக்காது. எண்ணைத் தட்டினால் வாங்கிக்கொள்ளும், வண்ண வண்ணமாகப் படமும் காட்டும்.

ஆனால் வட்டமான இழைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும், தேன்கூட்டு ஒழுங்கில் அடுக்கினாலும், 90.7 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. பெட்டியில் மாண்டரின் ஆரஞ்சு அடுக்கியவர்களுக்குத் தெரியும், நடுவில் இடைவெளி விழாமல் இருக்காது. சதுர ஒழுங்கில் 78.5-தான். உண்மையான கற்றைகளோ பெரும்பாலும் 65-க்கும் 80-க்கும் நடுவில் நிற்கின்றன. 91 என்பது இல்லாத ஊர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், அந்த இல்லாத ஊருக்குப் போனாலும் விறைப்புக் கணக்கு ஓரளவு சரியாகவே வந்துவிடக்கூடும். மொத்த நார் மாறவில்லையே! மாறியது நார் எங்கே இருக்கிறது என்பது. வளைவது எவ்வளவு என்று கேட்டால் கணினி நல்ல பதில் சொல்லும். எங்கே முதல் விரிசல் விழும் என்று கேட்டால் பொய் சொல்லும். விரிசல்கள் கற்றைக்குள், இழைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பிசினிலும், கற்றையின் ஓரத்திலும்தான் தொடங்குகின்றன. என் பார்வையில் முழுக்கத் தப்பான விடையைவிடப் பாதி சரியான இந்த விடை ஆபத்தானது. முழுத் தப்பை யாராவது பிடித்துவிடுவார்கள்.

சிலர் வேறு வழியில் போகிறார்கள்: கற்றையைப் பெரிதாக வரைந்து இடத்தை நிரப்புகிறார்கள். அப்போது பாவும் ஊடும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். புகுந்த இடம் இரண்டு முறை எண்ணப்படும். சம்பளப் புத்தகத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு பேர் போட்ட மாதிரி!

சரியான வழி திரும்ப நுண்ணோக்கிக்குப் போவதுதான். அச்சில் அழுத்தப்பட்ட கற்றை நீள்வட்டமாக இருப்பதில்லை. சப்பையாகி, பக்கத்துக் கற்றையின் வளைவோடு ஒட்டிப் படுக்கிறது. அடுக்குகளும் ஒன்றின் மேட்டை மற்றொன்றின் பள்ளத்தில் வைத்துக்கொள்கின்றன. கூடைக்குள் கூடை செருகுவதுபோல. கற்றைக்குள் 75 விழுக்காடு என்று அளந்தால், மொத்தம் 50 வர, கற்றைகள் கட்டத்தில் 67 விழுக்காட்டைப் பிடித்திருக்க வேண்டும். அந்த அளவு வரும்வரை வடிவத்தைத் திருத்த வேண்டும். மருத்துவமனை ஸ்கேன் போன்ற எக்ஸ்ரே நுண்படம் எடுத்தும் பார்க்கலாம். அதிலும் எந்தச் சாம்பல் நிறத்துக்கு மேல் நார், எதற்குக் கீழ் பிசின் என்று மனிதர்தான் கோடு போடுகிறார். கோடு நகர்ந்தால் எண்ணும் நகரும்.

கெனாஃப் கொடுக்கும் தலைவலி

கண்ணாடி நாருக்குச் சரிபார்க்க ஒரு முரட்டு வழி உண்டு. ஒரு துண்டை வெட்டி எடை பார்த்து, 565 டிகிரி செல்சியஸ் உலையில் வைத்துப் பிசினை எரித்துவிட்டு, மிஞ்சிய கண்ணாடியை மீண்டும் எடை போடுவார்கள். கார்பனுக்கு உலை ஒத்துவராது. அமிலத்தில் பிசினைக் கரைப்பார்கள்.

நம் நாட்டில் புகையிலைக்கு மாற்றாக வளர்க்கச் சொன்ன கெனாஃப் செடியின் நாருக்கு இந்த இரண்டும் உதவாது. உலையில் வைத்தால் பிசினோடு நாரும் சாம்பல்; அமிலத்தில் போட்டாலும் நார் தப்பாது. 2010-இல் தேசிய கெனாஃப், புகையிலை வாரியம் வந்த பிறகு, கெனாஃப் கூட்டுப் பொருள் பற்றிய ஆய்வுகள் செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நிறையவே நடந்துள்ளன. அங்கேயும் எடையும் அடர்த்தியும்தான் கைகொடுக்க வேண்டும். ஆனால் எந்த அடர்த்தி? தாவர நாருக்குள் குழல் போன்ற வெற்றிடம் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. அடர்த்தியை 1.2 என்று எடுத்தால் 40 விழுக்காடு வருகிற அதே பலகை, 1.45 என்று எடுத்தால் 33-க்கு இறங்கிவிடும். கேமரன் மலை போன்ற ஈரக் காற்றில் வைத்த நாரை அப்படியே எடை போட்டால், உறிஞ்சிய தண்ணீரையும் நார் என்று எண்ண வேண்டிவரும். முதலில் அடுப்பில் உலர்த்தியாக வேண்டும்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்குத் தலைப்புத் தேடும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பழைய கூடை ஒன்று போதும். உலர்த்தி எடை போடச் சொல்லுங்கள். சுவரின் பரப்பையும் தடிப்பையும் பத்து இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். உடைந்த பட்டைத் துண்டு ஒன்றை எடை பார்த்து, மெழுகு பூசி, அளவுக் குவளையில் முக்கி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் மூங்கிலின் அடர்த்தி கிடைக்கும். மெழுகு இல்லாவிட்டால் மூங்கில் தண்ணீரைக் குடித்துவிடும். மூங்கில் மிதக்கும் என்பதால் ஒரு ஊசியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூன்று குழுக்கள் தனித்தனியே செய்து, மூன்று விடைகளையும் பலகையில் எழுதட்டும். எண்கள் ஒன்றுபோல வராது. ஏன் என்று அவர்களையே பேசவிடுங்கள். பெரும்பாலும் தடிப்பை அளந்த விதத்தில்தான் போய் நிற்கும்.