மீனுக்கு முன்னால் குடியேற வேண்டியவர்கள்

பவளப்பாறைத் தொட்டிகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தால் சீக்கிரமே மாண்டரின் என்ற மீன் கண்ணில் படும். நீல உடம்பில் ஆரஞ்சு வளைகோடுகள், யாரோ நிதானமா உட்கார்ந்து கோலம் போட்ட மாதிரி. அழகில் மயங்கி வாங்குகிறவர்கள் நிறைய. சில வாரங்களில் அது வயிறு ஒட்டிச் செத்துப்போவதும் சகஜம். நோய் கிடையாது, தண்ணீரும் சுத்தம். வெறும் பட்டினி.

கடலில் இந்த மீன் பகல் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே திரியும். கொத்துவது பெரும்பாலும் கோபிபாட்களை. இறால், நண்டின் தூரத்துச் சொந்தம். அளவு ஒரு மில்லிமீட்டர் சுமார். தமிழில் துடுப்புக்காலி என்கிறார்கள், கிரேக்கப் பெயருக்கும் அதே அர்த்தம்தான். கடையில் விற்கும் உலர்தீவனத்தைப் பல மாண்டரின்கள் திரும்பிக்கூடப் பார்க்காது.

கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைத் தொட்டியில் வைத்தால் இந்தச் சிற்றுயிர்கள் அதோடு இலவசமாக வந்துவிடும். இப்போது பலர் காய்ந்த பாறையில்தான் தொடங்குகிறார்கள். வேண்டாத பூச்சி புழு வராது, கடலுக்கும் சேதமில்லை. ஆனால் அதில் உயிர் என்று எதுவும் இல்லை. 'நம்ம ராமேஸ்வரத்துல இல்லாத பாறையா?' என்று கேட்கத் தோன்றும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம். வளர்ப்பில் பெருக்கிப் புட்டியில் விற்பதை வாங்குவதே வழி.

புட்டியை வாங்கி ஊற்றினால் வேலை முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால், நீங்கள் ஊற்றியது ஒரு வேளைச் சாப்பாடு. அவ்வளவுதான். தொட்டிக்கு வேண்டியது தானே பெருகும் ஒரு கூட்டம். அதற்கு நேரம் வேணும். ஒரு கோபிபாட் முட்டையிலிருந்து வந்து பெரிதாவதற்குள் ஆறு நாப்லியஸ் பருவம், அப்புறம் ஐந்து இளம்பருவம் என்று கடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை தோலுரிக்கும். வெதுவெதுப்பான நீரில் சில இனங்கள் இதையெல்லாம் இரண்டு வாரம் போலே முடித்துவிடும். தின்பவர் யாரும் இல்லாமல் நாலைந்து தலைமுறை ஓட விட்டால்தான் பாறை இடுக்கெல்லாம் நிரம்பும். மாண்டரினுக்கு இன்னும் பல மாதம் பொறுங்கள் என்பேன்.

எப்போது விடுவது? அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு. அந்தச் சமயத்தில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பாக ஒரு படலம் பரவும். டயட்டம் பாசி. புதியவர்கள் அலறியடித்துத் தேய்த்து எடுப்பார்கள். கொஞ்சம் விட்டுவையுங்கள், வரப்போகிறவர்களுக்கு அதுதான் சோறு.

விடுவது விளக்கணைத்த பிறகு. புட்டியைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்கி, உப்பளவையும் மெதுவாக ஒப்பிட்டுக்கொண்டு, பம்பை நிறுத்திவிட்டுப் பாறையின் அடியில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். வடிகட்டித் துணியையும் புறஊதா விளக்கையும் சில நாள் விலக்கி வைப்பது நல்லது.

இனத்தையும் பார்த்து வாங்கணும். டிக்ரியோபஸ் பெரிசு, செம்மஞ்சள் நிறம். வட அமெரிக்க மேற்குக் கரையின் பாறைக்குழிகளில், வெயிலில் உப்பேறியும் மழையில் நீர்த்தும் போகும் தண்ணீரில் வாழப் பழகியது, ரொம்பக் கெட்டி. ஆனா மேலே நீந்தி மீன் கண்ணில் பட்டுவிடும். டிஸ்பே இன்னும் சின்னது, பாறை இடுக்கோடு ஒட்டிக் கிடக்கும். தங்கிப் பெருக அதுதான் என் தேர்வு. இடம் இருந்தால் பக்கத்தில் மீன் நுழைய முடியாத சிறு அறை ஒன்று வைத்து, நூல்கண்டு மாதிரி சுருளும் கீட்டோமார்ஃபா பாசியைப் போடுங்கள். அதில் பெருகி, வழியும் நீரோடு பெரிய தொட்டிக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஒன்று மறக்காதீங்க: மீன் நோய்க்கான தாமிர மருந்து இவற்றைக் கொன்றுவிடும். வைத்தியம் எப்போதும் தனித்தொட்டியில்.

குடியேறிவிட்டனவா என்று பார்க்க, விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் டார்ச் அடியுங்கள். வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளினால் அவைதான். மாண்டரின் வந்த பிறகும் வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். புள்ளிகள் குறைந்தால் மீனின் வயிறு ஒட்டுவதற்குள் அடுத்த புட்டிக்குச் சொல்லிவிடலாம்.