சுதேசிப் பெட்டியா, பரதேசிப் பெட்டியா?

சேத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் திருவிழா இரவு நாடகம் பார்த்தவர்களுக்கு இக்காட்சியை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. மேற்கே மலைத்தொடர் கறுத்து நிற்கும். ராஜபாளையத்துக்கும் சிவகிரிக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து ஜனங்கள் வந்து தரையில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். திரை விலகுவதற்கு முன்னரே மேடையின் ஓரத்திலிருந்து ஒரு சுருதி எழும். அதைக் கேட்டதும் குழந்தைகளின் இரைச்சல் அடங்கும். வள்ளியும் முருகனும் பின்னால்தான் வருவார்கள். முதலில் வருவது ஹார்மோனியம். தென்பாண்டிச் சீமையில் ஹார்மோனியம் இல்லாத நாடகம், மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் போலத்தான்.

ஆயினும் இப்பெட்டியைப் பற்றி நம் படித்த வர்க்கத்தாரிடம் நெடுநாளாக ஓர் அபிப்பிராயம் ஊறிக் கிடக்கிறது. அது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நம் சங்கீதத்துக்குச் சத்துரு, சுதேச உணர்ச்சியுள்ளவன் அதைத் தொடலாகாது என்பதே அவ்வபிப்பிராயம். இதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைச் சொல்லவே இவ்வியாசம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பியானோ செய்யும் தொழில் பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவே வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஸ்டைன்வே குடும்பத்தார் 1853-ல் நியூயார்க்கில் ஆரம்பித்த தொழிற்சாலை, 1972-ல் வேறு கைக்கு மாறும் வரை அக்குடும்பத்தாரிடமே இருந்தது. பெர்லினில் பெக்ஸ்டைனும் லைப்ஸிக்கில் ப்ளூத்னரும் தொடங்கியது அதே 1853-ம் வருஷத்தில்தான். அவர்கள் செய்த வாத்தியங்கள் கப்பலேறி நம் துறைமுகங்களுக்கும் வந்தன. சென்னையில் 1842-ல் தோன்றிய மிஸ்க்வித் கம்பெனி துரைமார் வீடுகளுக்கும் மாதா கோயில்களுக்கும் பியானோவும் ஆர்கனும் விற்று வந்தது. ஆனால் பியானோ நம் ஜனங்களிடம் இறங்கவில்லை. அதன் பாரம் ஒரு புறம். நமது மழையிலும் வெயிலிலும் மரம் முறுக்கிக்கொள்வதும், ஒட்டுப்பசை விடுவதும், கம்பிகள் சுருதி கலைவதும் மற்றொரு புறம். நாற்காலியில் அமர்ந்து வாசிக்க வேண்டிய அந்த வாத்தியம் பாய் விரித்துப் பாடும் தேசத்தில் எங்கே போய் உட்காரும்?

இவ்விடத்தில்தான் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகாநாத் கோஷ் வருகிறார். 1847-ல் பிறந்தவர். 1875-ல் லோயர் சித்பூர் ரோட்டில் ஐரோப்பிய வாத்தியங்களுக்காக ஒரு கடை வைத்தார். பின்னர் அக்கடைக்கு ‘துவார்க்கின்’ என்று பெயர் வந்தது. துவாரகாநாத் என்ற தம் பெயரையும், வாத்தியங்கள் வரவழைத்த லண்டன் வியாபாரி டாக்கின்ஸின் பெயரையும் இணைத்து ஆக்கிய பெயர் அது; அதைச் சூட்டியவர் எழுத்தாளர் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி என்பது வங்காளத்தில் வழங்கும் செய்தி. சீமைச் சரக்குக்கே மதிப்பிருந்த காலத்தில், ஒரு வங்காளி தம் பெயரைச் சீமைப் பெயர்போல் ஒலிக்கச் செய்து கடை நடத்த வேண்டியிருந்தது. இதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

பெயரைவிட அவர் செய்த வேலையே நமக்கு முக்கியம். பாரிஸ் நகரத்துத் தேபேன் என்பவர் 1840-களின் தொடக்கத்தில் உரிமை பதிந்த ஹார்மோனியம், மேஜைபோல் நின்றது. வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து இரு காலாலும் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்க வேண்டும். துவாரகாநாத் அதன் கால்களை எடுத்தார், மிதியை எடுத்தார், துருத்தியைப் பெட்டியின் பின்புறத்துக்குக் கொணர்ந்து இடக்கையிடம் ஒப்படைத்தார். வலக்கை ஸ்வரத்துக்கு, இடக்கை காற்றுக்கு. மேல்நாட்டாரைப்போல் பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் சேர்த்து ஒலிப்பது நம் பாட்டுக்கு வேண்டுவதில்லை. ஒரு கை போதும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1880-களில் இவ்விதம் உருவான கைப்பெட்டி தரையில் அமர்ந்தது. ஒரே ஆள் தூக்கக்கூடியதாயிற்று. பஜனை மடத்துக்கும், குருத்வாராவுக்கும், கவாலிப் பாடகர் சபைக்கும் பேதமின்றிப் போய்ச் சேர்ந்தது.

உள்ளே இருப்பது எளிய சூத்திரம்தான். பித்தளைத் தகட்டில் ஒரு பிளவு. அதன்மேல் ஒரு முனை மட்டும் பிணைக்கப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு. காற்று அழுத்தத்துடன் புகும்போது நாக்கு துடித்து ஒலி பிறக்கிறது. நாக்கு நீண்டால் ஸ்வரம் தாழும், குறுகினால் உயரும். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். ஆதியில் இந்நாக்குகள் பாரிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தன. பிற்பாடு குஜராத்தில் பாலிதானா என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பேர்போனது. மரம் நம்முடையது, தோல் நம்முடையது. கடைசியில் நாக்கும் நம்முடையதாயிற்று. 1905-ல் வங்காளப் பிரிவினையை எதிர்த்து அந்நியத் துணியைத் தெருவில் கொளுத்திய கல்கத்தாவில், தச்சரும் தோல்வேலைக்காரரும் செய்த ஒரு பொருளைச் சுதேசிச் சரக்கு அல்லவென்று எந்த நியாயத்தால் தள்ளுவது?

தள்ளினார்கள் என்பதுதான் விசித்திரம். தள்ளியவர்களும் சாமானியரல்லர். ஈழத்துத் தமிழ்க் குலத்தில் உதித்த ஆனந்த குமாரசுவாமி இதைக் கண்டித்தார். ரவீந்திரநாத் தாகூருக்கும் இது பிடிக்கவில்லை. அகில இந்திய ரேடியோவில் மேல்நாட்டுச் சங்கீதப் பகுதிக்கு அதிகாரியாயிருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1938-ல் இதை எதிர்த்து எழுதினார். 1940 மார்ச்சு மாதம் முதல் ரேடியோ நிலையங்களில் ஹார்மோனியம் விலக்கப்பட்டது. இந்தியச் சங்கீதத்தை அந்நிய வாத்தியத்தினின்று காப்பாற்ற முன்வந்த அந்த ரேடியோவின் தலைமை அதிகாரி லயனல் ஃபீல்டன் என்ற மற்றோர் ஆங்கிலேயர்!

அவர்கள் கூறிய குற்றம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வரங்களே இப்பெட்டியில் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாமே அன்றி வழுக்கிச் செல்ல இயலாது. தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்து நிற்பது. அதைக் கட்டைமேல் விரல் வைத்து எழுப்ப முயல்வது வீண். ஹார்மோனியத்தையே துணையாகக் கொண்டு கற்கும் குரல் கமகத்தை இழக்கும் என்று வித்வான்கள் அஞ்சியதிலும் நியாயமுண்டு. இது வாத்தியத்தின் இயல்பைப் பற்றிய வாதம், இதை ஏற்கிறோம். ஆனால் ‘அந்நியம்’ என்ற வாதத்தை எப்படி ஏற்பது? பிடிலும் மேல்நாட்டிலிருந்து வந்ததுதானே? பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கற்ற பிறகு நம் கச்சேரியில் அதற்குப் பாய் போட்டு இடம் கொடுத்துவிட்டோம். பிடிலின் உருவத்தில் நாம் ஒன்றும் மாற்றவில்லை. பிடிக்கும் முறையையும் சுருதி சேர்க்கும் முறையையுமே மாற்றிக்கொண்டோம். ஹார்மோனியத்தையோ உடைத்துப் புது வாத்தியமாகவே செய்தோம். உள்ளபடியே இரண்டில் எது அதிகச் சுதேசி?

மறுபடியும் நம் பக்கத்துக்கே வருவோம். சேத்தூர் வழியாகச் செல்லும் சாலையில் தென்மேற்கே போனால் செங்கோட்டை. அவ்வூரில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் கந்தர்வ கானத்துக்கு ஹார்மோனியம் வாசித்தவர் அவருடைய தமையனார் காசி ஐயர். கிழக்கே சிவகாசி. அங்கே 1886-ல் பிறந்தவர் தியாகி விசுவநாததாஸ். முருகன் வேஷத்தில் மேடையேறுவார்; தினைப்புனத்தில் வள்ளியோடு பாடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கொக்கைச் சாக்காக வைத்து ஆங்கிலேய ஆட்சியை எள்ளிப் பாடுவார். பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றார். கூட்டம் கூடிப் பேசத் தடையிருந்த இடங்களில் கூட, நாடகக் கொட்டகையில் தேசபக்தி பரவியது. அக்கொட்டகையில் சுருதி தந்தது எது? இந்தப் பெட்டிதான். ரேடியோவில் அதற்கு வாசல் அடைபட்ட அதே 1940-ம் வருஷத்தின் கடைசி இரவில், டிசம்பர் 31 அன்று, சென்னையில் முருகன் வேஷத்துடன் மேடையிலேயே விசுவநாததாஸின் உயிர் பிரிந்தது.

துவாரகாநாத் 1928-லேயே காலமாகிவிட்டார். தம் பெட்டிக்கு நேர்ந்த விலக்கை அவர் காணவில்லை. அதைக் கண்டவர் பேரர். 1909-ல் பிறந்த ஞானப் பிரகாஷ் கோஷ், வாத்தியம் விற்ற குடும்பத்திலிருந்து வாத்தியம் வாசிக்கும் மேதையாக உயர்ந்தவர். தபலாவில் பல பெரிய சிஷ்யர்களைத் தயார் செய்தார். ஹார்மோனியத்தில் அவருக்கு நிகர் அரிது என்று வட இந்திய வித்வான்கள் கொண்டாடினர். அவரே அகில இந்திய ரேடியோவில் சுமார் பதினைந்து வருஷம் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக உத்தியோகம் பார்த்தார். பாட்டனார் வடித்த பெட்டிக்கு விலக்கிட்ட ஸ்தாபனத்திலே பேரருக்கு நாற்காலி! அந்த விலக்கு 1971-ல்தான் தளர்ந்தது. 1984-ல் சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் அளித்தது. 1997-ல் அவர் மறைந்தார்.

ஜமீன் மாளிகைகளிலும், பஜனை மடங்களிலும், பழைய நாடக நடிகர்களின் வீட்டுப் பரண்களிலும் துருத்தி கிழிந்த ஹார்மோனியங்கள் சில இன்னும் தூசி படிந்து கிடக்கக்கூடும். அவ்விதம் ஒன்றைக் காணும் அன்பர்கள், விறகுக்குப் போடுமுன் மூடியைத் திறந்து பெயர்த் தகட்டைச் சற்றுத் துடைத்துப் பார்ப்பார்களாக.