வெளிநாட்டு ஜாக்கெட் வாங்கும் முன்...

லண்டன் கடை ஒன்றின் தோல் ஜாக்கெட் பிடித்திருக்கிறது. எனக்குச் சட்டை 40. அதிலும் 40 எடுக்கலாமா?

இரண்டு 40-ம் ஒன்றல்ல. நம் ஊர் ரெடிமேட் ஃபார்மல் சட்டைகளில் பல பிராண்டுகள் போடும் 40, சென்டிமீட்டரில் கழுத்தளவு. பிரிட்டிஷ் ஜாக்கெட்டின் 40, மார்புச் சுற்றளவு 40 இஞ்ச் உள்ளவருக்கானது. அதே ஆளுக்கு இத்தாலிக்காரர் 50 என்று போடுவார்.

ஆகவே லேபிளை விட்டுவிட்டு இஞ்ச் டேப்பை எடுங்கள். உங்களிடம் சரியாகப் பொருந்தும் ஜாக்கெட் ஒன்றை ஜிப் போட்டு மேசைமீது விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 21 இஞ்ச் வந்தால் சுற்றளவு 42. இதே முறையில் அளந்து சொல்லும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். உள்ளே ஸ்வெட்டர் போடுவீர்கள் என்றால் இன்னும் சற்று லூஸ் வேண்டும்.

தோள் அளவையும் மறக்காமல் கேளுங்கள். கை நீளத்தை நம் டெய்லர் குறைத்துத் தந்துவிடுவார். தோளில் கைவைக்கத் தயங்குவார். தோலில் தையலைப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும்.

‘ஜெனுவின் லெதர்’ என்றால் உயர்ந்த ரகம்தானே?

தோல்தான் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் உத்தரவாதம் இல்லை. மேல்பரப்பைத் தேய்க்காத ‘ஃபுல் கிரெய்ன்’தான் உறுதியானது. ‘பாண்டட்’ என்பது தோல் துகள்களைப் பசையிட்டு ஒட்டியது. ‘பியூ’ என்றால் துணிமேல் பூசிய பாலியூரித்தேன். சென்னை போன்ற ஈரப்பதமான ஊரில் சில ஆண்டுகளிலேயே உரியத் தொடங்கிவிடும். என்னைக் கேட்டால், அதற்குக் கூரியர் கூலி கொடுப்பது வீண்.

தோலுக்குப் பதில் இறகு அடைத்த ஜாக்கெட் வாங்குவதென்றால், அதில் காணும் 800 போன்ற எண், இறகு எவ்வளவு உப்பும் என்பதைச் சொல்கிறது. எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதைத் தனியே கேட்க வேண்டும்.

ஜாக்கெட் 2 கிலோதான். கூரியர் 6 கிலோவுக்குக் கட்டணம் கேட்கிறதே?

ஏமாற்று அல்ல. விமானத்தில் இடத்துக்கும் விலை உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பல கூரியர் நிறுவனங்கள் 5,000-ஆல் வகுக்கின்றன. 50×40×15 பெட்டிக்கு 6 கிலோ வரும். இதற்கும் உண்மை எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பெட்டி வேண்டாம், மடித்து உறையில் அனுப்புங்கள் என்று எழுதிக் கேளுங்கள். மடிப்புச் சுருக்கம் ஹேங்கரில் தொங்கவிட்டால் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

சுங்கவரி கணக்கிடும் மதிப்பில் அனுப்பும் கட்டணமும் சேரும் என்பதால், பெரிய பெட்டி வரியையும் ஏற்றிவிடுகிறது.

அன்பளிப்பு என்று எழுதி அனுப்பச் சொன்னால்?

ரூ.5,000 வரையிலான அன்பளிப்புக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. விலையைக் குறைத்துக் காட்டுவது குற்றம். பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்கே கிடைக்கும்.