விலையில்லாச் சேவையின் விலை

திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு மணிலா கொண்டுவரும் உழவர், தம் மூட்டைகள் தராசில் ஏறுவதை நேரில் காண்கிறார். எடையும் விலையும் அறிந்த பின்னரே சரக்கைக் கைமாற்றுகிறார். எடையிலும் தரகிலும் உழவர் ஏமாறலாகாது என்பதற்காகவே 1933-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதே உழவர் தம் கைப்பேசியின் வாயிலாக மற்றொரு சந்தைக்கும் நாள்தோறும் சரக்கு அனுப்புகிறார். அதன் எடையை அவர் அறியார், விலையையும் அறியார்.

முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றைப் பயன்படுத்த நாம் பணம் செலுத்துவதில்லை. அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் ஈட்டிய சுமார் 13,490 கோடி டாலரில், நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பர வருவாயே ஆகும். நாம் எதைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம், எந்த ஊரில் இருக்கிறோம் என்பன யாவும் குறித்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றைக் கொண்டு, இன்னாருக்கு இன்ன விளம்பரம் என்று வகுக்கப்படுகிறது.

இதனால் நன்மையும் உண்டு. ஏழை எளியோரும் கட்டணமின்றிச் செய்தி பரிமாறுகின்றனர். விழுப்புரத்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்று, சிறு செலவில் தன் பொருள்களை அந்நகரத்தாருக்கு மட்டும் விளம்பரப்படுத்த இயலும். ஆனால், அதே சல்லடை கடனுக்கு அலைவோரையும் சலித்தெடுத்து, ஆசை காட்டுவோர் முன் நிறுத்தவல்லது.

ஒருவர் அசட்டை பலரைப் பாதிக்கும் என்பதற்கு, 2018-இல் வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிகழ்ச்சியே சான்று. அதற்குக் காரணமான செயலியை இந்தியாவில் நிறுவியோர் 335 பேரே. எனினும், அவர்தம் நட்பு வட்டத்தின் வழியே சுமார் 5,62,000 இந்தியரின் விவரங்கள் சென்றிருக்கக்கூடும் என முகநூல் நிறுவனமே அறிவித்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும், விவரங்களை அழிக்கக் கோரவும் வகை செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

ஆயினும், நாம் செய்யவேண்டுவன சில உள. தேவையற்ற செயலிக்கு இருப்பிடத்தையும் தொலைபேசி எண் பட்டியலையும் திறந்துவிடலாகாது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களைக் குழுக்களில் பகிரலாகாது. பண மோசடி நேரின் உடனே 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். சட்டம் தராசைத் தரும். எடையைப் பார்க்கவேண்டியவர் சரக்குக்கு உரியவரே.