காசு கொடுத்து வாங்கிய கேம்... அக்கவுன்ட்டை மூடினால் அதுவும் போய்விடுமா?

2023 ஜூலையில், பிரான்ஸைச் சேர்ந்த கேம் நிறுவனமான யுபிசாஃப்ட் அனுப்பிய ஒரு மெயில் இணையத்தில் பெரிய விவாதமானது. ரொம்ப நாளாக நீங்கள் லாகின் செய்யவில்லை, அதனால் உங்கள் அக்கவுன்ட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம், 30 நாளில் நிரந்தரமாக மூடிவிடுவோம் என்பதுதான் விஷயம். மூட வேண்டாம் என்றால் மெயிலில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். ‘இந்த மாதிரி எத்தனை மோசடி மெயில் பார்த்திருக்கோம்’ என்று யாராக இருந்தாலும் தள்ளிவிட்டுப் போகத் தோன்றும் ரகம்.

ஆனால், அது நிஜ மெயில். அதன் ஸ்க்ரீன்ஷாட் ட்விட்டரில் பரவியதும் யுபிசாஃப்ட்டின் சப்போர்ட் பக்கமே பதில் சொன்னது. 30 நாளுக்குள் லாகின் செய்தால் போதும், அக்கவுன்ட் மூடப்படாது என்றது. நல்ல மனதோடு சொன்ன பதில்தான். ஆனால் அதைப் படித்தவர்கள் மனதில் எழுந்த கேள்வி வேறு. லாகின் செய்யாவிட்டால்? அசாசின்ஸ் க்ரீட், ஃபார் க்ரை என்று முழு விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கும் கேம்கள் என்ன ஆகும்? வேலை, கல்யாணம், குழந்தை என்று நாலு வருஷம் கேம் பக்கமே வராமல் இருப்பது ஒரு குற்றமா?

எதிர்ப்பு வலுத்த பிறகு நிறுவனம் விளக்கம் கொடுத்தது. 4 ஆண்டுகளுக்குக் குறைவாகச் சும்மா கிடந்த அக்கவுன்ட் எதையும் இதுவரை அழித்ததில்லை; பிசி கேம் வாங்கியிருக்கும் அக்கவுன்ட்டுகள் அழிக்கும் பட்டியலிலேயே வராது; அழிப்பதற்கு முன் 30 நாட்களில் 3 மெயில் அனுப்பப்படும். அதாவது, பயந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் இந்த விவரம் முதல் நாளே மெயிலில் தெளிவாக இருந்திருந்தால் இவ்வளவு கலவரமே வந்திருக்காது. இன்னொன்று, இது நிறுவனம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. இன்று இருக்கிறது, நாளை மாறலாம்.

அக்கவுன்ட்டை எதுக்கு அழிக்கணும்?

சர்வரில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக என்று நினைக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் அமலில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய தனிப்பட்ட தகவலைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. யுபிசாஃப்ட்டும் இந்தச் சட்டத்தைத்தான் காட்டியது. ஆனால் அதில் ‘இத்தனை வருஷம்’ என்று எண் எதுவும் இல்லை. தேவை எதுவரை என்பதை நிறுவனம்தான் நியாயமாக முடிவு செய்ய வேண்டும். வாங்கிய பொருள் ஒன்று அக்கவுன்ட்டில் இருக்கும்போது தேவை எப்படி முடிந்துபோகும் என்ற கேள்விக்குச் சட்டத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. கைவிடப்பட்ட அக்கவுன்ட்டுகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருப்பதற்கான வாய்ப்பு, பயன்பாட்டில் இருப்பவற்றைவிடக் குறைந்தது 10 மடங்கு குறைவு என்று கூகுள் 2023-ல் சொன்னது. பழைய பாஸ்வேர்டு, அதுவும் பத்து இடத்தில் போட்ட ஒரே பாஸ்வேர்டு. திருடர்களுக்குத் திறந்த வீடு. ஆகவே, கிடப்பில் போட்ட அக்கவுன்ட்டை அழிப்பதே தப்பு என்று சொல்ல முடியாது. நியூஸ்லெட்டர் படிக்கத் திறந்த அக்கவுன்ட் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. உள்ளே ஐயாயிரம் ரூபாய்க்கு கேம் இருந்தால்தான் சிக்கல்.

வாங்கினது கேமா, அனுமதியா?

தொண்ணூறுகளில் வாங்கிய வீடியோ கேம் கேசட் பரணில் கிடந்தால், எடுத்து ஒரு ஊது ஊதிச் சொருகினால் இன்றைக்கும் ஓடலாம். அதற்கு லாகின் கிடையாது, யாருடைய சர்வரும் தேவையில்லை. டிஜிட்டல் கேம் அப்படியல்ல. ‘வாங்கு’ என்ற பட்டனை அழுத்தினாலும், ஒப்பந்தப்படி கிடைப்பது அந்த கேமைப் பயன்படுத்தும் லைசென்ஸ் மட்டும்தான். அந்த லைசென்ஸ் அக்கவுன்ட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்கவுன்ட் போனால் அதுவும் போகும். அக்கவுன்ட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் பெரும்பாலான தளங்கள் விடுவதில்லை. பிசி கேம் விற்பனையின் பெரிய கடையான ஸ்டீமின் ஒப்பந்தமும் அதைத்தான் சொல்கிறது. அப்பா வாங்கிய புத்தகம் மகளுக்குப் போகும். அப்பாவின் ஸ்டீம் லைப்ரரி, காகிதப்படி, போகாது.

இதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. கிடைப்பது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், ‘வாங்கு’ என்ற வார்த்தையைப் போட்டு டிஜிட்டல் பொருளை விற்கக் கூடாது. இணையம் இல்லாமல் நிரந்தரமாகப் பயன்படுத்தும்படி டவுன்லோடு செய்துகொள்ள முடிந்தால் விதிவிலக்கு உண்டு. இதற்குச் சில மாதம் முன்னதாகவே ஸ்டீம் தன் கார்ட் பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. நல்ல மாற்றம். ஆனால், பெயர்ப்பலகையை மாற்றினார்களே தவிர, உள்ளே இருக்கும் சரக்கு அதேதான்.

அக்கவுன்ட் உயிரோடு இருந்தும் கேம் சாகலாம் என்பதற்கு உதாரணமும் யுபிசாஃப்ட்டிடமே இருக்கிறது. 2014-ல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் நிறுத்தப்பட்டன. தனியாக ஓட்டினாலும் இணைய இணைப்பு வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட கேம் அது. எனவே டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் கையில் மிஞ்சியது வெறும் தட்டு. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் யூடியூபர் ராஸ் ஸ்காட் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். அதன் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

லாகின் முறை மாறினாலும் ஆபத்து

ஓசையில்லாமல் நடந்த இழப்பு இன்னொன்று உண்டு. மைன்கிராஃப்ட்டின் ஜாவா பதிப்பை ஆரம்ப காலத்தில் வாங்கியவர்கள் அதன் தயாரிப்பாளரான மோஜாங்கின் அக்கவுன்ட்டில்தான் வாங்கினார்கள். 2014-ல் மோஜாங்கை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2020-ல், எல்லோரும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்கு மாற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 2022 மார்ச்சுக்குப் பிறகு பழைய அக்கவுன்ட்டில் விளையாட முடியவில்லை. 2023 முடிவதற்குள் மாற்றிக்கொள்ளும் வழியும் அடைபட்டது. மாறாதவர்கள் விளையாட வேண்டுமென்றால் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

நிறுவனம் அவகாசம் தரவில்லை என்று குறை சொல்ல முடியாது, வருஷக்கணக்கில் தந்தது. ஆனால், பத்து வருஷம் முன்னால் பள்ளிக்கூடப் பையனாக வாங்கியவர் அன்றைக்குக் கொடுத்த மெயில் ஐடியை இன்றைக்கும் திறக்கிறாரா?

முதலில் சாவது மெயில் ஐடி

உண்மையில், நிறைய பேருக்கு இடி விழப்போவது இங்கேதான். கேம் நிறுவனம் எத்தனை எச்சரிக்கை அனுப்பினாலும் அது போய்ச் சேர்வது பதிவு செய்த மெயிலுக்கு. பாஸ்வேர்டு மறந்துபோனால் புதிய பாஸ்வேர்டுக்கான லிங்க் வருவதும் அங்கேதான். அந்த மெயில் போய்விட்டால், கேம் அக்கவுன்ட் பத்திரமாக இருந்தும் வாசல் பூட்டிக்கொள்ளும்.

2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் அக்கவுன்ட்டுகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அழிப்பு அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. கூகுளிடமே டிஜிட்டல் பொருள் வாங்கிய அக்கவுன்ட்டுகளுக்கு விலக்கு உண்டு. கவனிக்க வேண்டியது இதுதான்: ஸ்டீமில் ரெஜிஸ்டர் செய்வதற்காக மட்டும் திறந்த இரண்டாவது ஜிமெயிலில் கூகுளிடம் எதுவும் வாங்கியிருக்க மாட்டோம். அந்த ஐடியை நம்பி ஸ்டீமில் இருபது கேம் இருப்பது கூகுளுக்குத் தெரியாது. அழிந்த ஜிமெயில் முகவரியை மறுபடி யாரும் உருவாக்கவும் முடியாது, பழைய உரிமையாளர் உட்பட.

மறுபடி உருவாக்க விட்டாலும் ஆபத்துதான். 2013-ல் யாகூ, சும்மா கிடந்த ஐடிகளைப் புதியவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது. முந்தைய உரிமையாளருக்கு வர வேண்டிய மெயில்கள் புதியவர்களின் இன்பாக்ஸில் வந்து விழுந்தன. பாஸ்வேர்டு ரீசெட் லிங்க் அப்படி வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இளம் ஊழியர்களுக்கு இன்னொரு கண்ணி, கல்லூரி கொடுத்த மெயில் ஐடி. ஹாஸ்டலில் இருந்தபோது மாணவர் தள்ளுபடிக்காக அதைக் கொடுத்து அக்கவுன்ட் திறந்திருக்கலாம். அந்த ஐடி கல்லூரியின் சொத்து. படிப்பு முடிந்ததும் எப்போது நிறுத்துவது என்பது கல்லூரியின் விருப்பம். ஆபீஸ் மெயிலுக்கும் இதே கதைதான்; பேப்பர் போட்ட கடைசி நாள் மாலையே மூடிவிடுவார்கள்.

நம்ம ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்தியாவில் 50 லட்சத்துக்குக் குறையாத பதிவுசெய்த பயனாளர்களைக் கொண்ட ஆன்லைன் கேமிங் தளங்கள், ஒருவர் 3 ஆண்டுகள் எட்டிப் பார்க்காவிட்டால் அவருடைய தகவல்களை அழிக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். அதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தப் பகுதி, விதிகள் வெளியானதில் இருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும்.

இதைப் படித்ததும் ‘அப்போ நம்ம கேமும் காலி’ என்று பதற வேண்டாம். பயனாளர் தன் அக்கவுன்ட்டுக்குள் நுழைவதற்குத் தேவையான தகவலும், பணமாகவோ பொருளாகவோ மாற்றக்கூடிய டோக்கன்களைப் பெறுவதற்கான தகவலும் இந்த 3 ஆண்டுக் கெடுவில் வராது என்று அதே விதியில் விலக்கு இருக்கிறது. ஆகவே நாளை ஒரு நிறுவனம் ‘இந்தியச் சட்டம் அழிக்கச் சொன்னது’ என்று சொல்லி லைப்ரரியை மூடினால், கேள்வி கேட்க இடம் உண்டு. ஆனால், அழிக்கவே கூடாது என்று நிறுவனத்தைத் தடுக்கும் விதியும் இதில் இல்லை.

இப்போ என்ன செய்யலாம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். கேம் வாங்கிய தளங்கள் ஒவ்வொன்றிலும் லாகின் செய்து, எந்த மெயில் ஐடி கொடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்லூரி, ஆபீஸ், மறந்துபோன யாகூ என்று எதுவாவது இருந்தால் அன்றாடம் திறக்கும் மெயிலுக்கு மாற்றிவிட வேண்டும். போன் நம்பர் மாற்றியிருந்தால் அதையும். பழைய ஐடியை வைத்தே ஆக வேண்டும் என்றால், வருஷத்துக்கு ஒரு முறை அதைத் திறப்பதற்கு போன் காலண்டரில் நினைவூட்டல் போடலாம்.

பணம் கட்டியதற்கான ரசீது மெயில்களை வேறொரு இடத்திலும் சேமித்து வைப்பது நல்லது. அக்கவுன்ட்டைப் பறிகொடுத்தவர் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க, பழைய பரிவர்த்தனை விவரத்தையோ டிஸ்க்கோடு வந்த கீயையோ ஸ்டீம் சப்போர்ட் கேட்கும். யுபிஐ-யில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைக்கலாம். ‘அக்கவுன்ட் மூடப்படும்’ என்று மெயில் வந்தால் அதில் இருக்கும் லிங்க்கைத் தொட வேண்டாம். நேராகத் தளத்துக்குப் போய் லாகின் செய்து பார்த்தால் போதும். உண்மையான எச்சரிக்கையாக இருந்தால் அந்த லாகினே அக்கவுன்ட்டைக் காப்பாற்றிவிடும்.

இனி வாங்கப்போகும் கேமுக்கு, போலந்தைச் சேர்ந்த ஜிஓஜி என்ற கடையையும் ஒரு முறை பார்க்கலாம். அங்கே வாங்கும் கேம்களின் இன்ஸ்டாலரை டவுன்லோடு செய்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். தனியாக விளையாட லாகின் தேவையில்லை. எல்லா கேமும் அங்கே கிடைக்காது. கிடைப்பதையும் டவுன்லோடு செய்து வைக்காமல் அக்கவுன்ட்டிலேயே விட்டுவிட்டால், ஸ்டீமில் வாங்கியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.