கொழுந்துக் கூடையின் விசாலம்

பழைய காலத்துக் கைப்பைகளைத் தேடி வாங்கி உபயோகிக்கும் பிரியம் இந்நாளில் பெருகி வருகிறது. முதிர்ந்த தோலின் மினுமினுப்பும், பித்தளைப் பூட்டின் கனமும், கைத்தையலின் நேர்த்தியும் மனத்தைக் கவர்வது இயல்பே. ஆனால் ஆசையோடு வாங்கிய பையில் தண்ணீர்ப் போத்தலையும், மதியச் சாப்பாட்டுப் பெட்டியையும், குடையையும் வைக்கப் புகும்போதுதான் அதன் வயிறு எத்தனை சிறியது என்பது தெரியவருகிறது. அப்பைகளைச் செய்தவர்கள்மீது குறை சொல்வதற்கில்லை. ஒரு கைக்குட்டை, சில நாணயங்கள், பவுடர் டப்பி, ஒரு கடிதம் ஆகியவற்றுக்கு மேல் எதையும் சுமக்க அவசியமில்லாத சீமாட்டிகளை உத்தேசித்தே அவற்றுள் பெரும்பாலானவை உருவாயின.

உழைக்கும் பெண்ணுக்கு உகந்த விசாலமான பை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், நாகரிகக் கடைவீதிகளைக் காட்டிலும் சந்தையும் வயலுமே அதன் பிறப்பிடம் என்று தோன்றுகிறது. அமெரிக்காவின் கோச் நிறுவனத்துக்காக 1962 முதல் பைகளை வடிவமைத்த போனி கேஷின் என்னும் அம்மையார், மளிகைக் கடையில் தரும் காகிதப் பையின் உருவத்தையே தோலில் கொண்டுவந்தார். பிரான்சின் ஏர்மே நிறுவனம் 1984-இல் வெளியிட்ட பிர்கின் பையின் வரலாறு இன்னும் சுவையானது. ஜேன் பிர்கின் என்ற நடிகை நெடுங்காலம் ஒரு பிரம்புக் கூடையையே கைப்பையாகக் கொண்டு திரிந்தவர். விமானப் பயணமொன்றில் அவருடைய சாமான்கள் சிதறி விழ, அருகே அமர்ந்திருந்த அந்நிறுவனத்தின் தலைவர் ஜான்-லூயி துய்மாவிடம், ஒரு தாய்க்கு வேண்டியவை எல்லாம் அடங்கும் பை கடைகளில் கிடைப்பதில்லையே என்று அவர் முறையிட்டதிலிருந்து அப்பை பிறந்தது. அவருக்கென்று செய்த முதற்பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. அதன் மூதாதை ஒரு சாதாரணக் கூடை என்பதே இங்கு நாம் மனத்தில் கொள்ளத்தக்கது.

அத்தகைய கூடையொன்று நமது மலையகத்தில், திம்புள்ளப் பிரதேசத்தில், நூறாண்டுகளுக்கு மேலாகப் பெண்களின் முதுகில் ஏறி வந்திருக்கிறது. 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பின்னர், ஹட்டன், தலவாக்கலை, லிந்துலை, பொகவந்தலாவை எங்கும் தேயிலை படர்ந்தபோது, அதன் கொழுந்தைச் சேதமின்றிச் சேர்க்க ஒரு கலம் தேவையாயிற்று. அக்கலமே கொழுந்துக் கூடை.

முற்றிய மூங்கிலை நீளவாட்டில் பிளந்து, கணுக்களைச் செதுக்கி, உட்புறத்து மெல்லிய சதையை நீக்கிவிட்டால் எஞ்சுவது தோலையொட்டிய வலிய பகுதி. மூங்கிலின் நார்கள் அங்கேதான் நெருக்கமாக அமைந்துள்ளன. அப்பகுதியைப் பட்டைகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி முதலில் அடியை அமைக்கிறார்கள். அடி பெரும்பாலும் சதுரமாக இருக்கும். அதனால் கூடை தரையில் ஸ்திரமாக நிற்கிறது. அடியின் பட்டைகளையே மேல்நோக்கி மடித்து, அவற்றைச் சுற்றி மெல்லிய பட்டைகளைப் பின்னிக்கொண்டு போகப் போகச் சதுரம் மறைந்து வட்டமாகிறது. இறுதியில் விளிம்பில் தடித்த வளையம் வைத்து வரிந்து கட்டுகிறார்கள். இந்த விளிம்பே கூடையின் உயிர்நிலை. அது தளர்ந்தால் வாய் சுருங்கும். வாய் சுருங்கினால் கூடை எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை.

பயனில்லை என்பது ஏன் என்பதைக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கைகளைக் கூர்ந்து பார்த்தால் அறியலாம். இரு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து உள்ளங்கையில் சேர்கிறது. கை நிரம்புவதற்குச் சற்று முன்னரே, பார்வையைத் தேயிலைச் செடியிலிருந்து எடுக்காமல், அவள் அதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுகிறாள். அது தவறாமல் கூடைக்குள் விழுகிறது. கூடையைத் தாங்கும் கயிறு தலையில் மடித்து வைத்த துணியின்மேல் படிந்திருப்பதால் இரு கைகளும் விடுதலை பெற்றிருக்கின்றன. கூடையின் வாய் தோளுக்கு அருகே எப்பொழுதும் அகன்று திறந்திருக்கிறது. கண்ணால் பாராமலே பொருளை வைக்கவும் எடுக்கவும் இயலும் பையே விசாலமான பை என்று நான் கருதுகிறேன். பழைய தோற்பைகளில் பல இச்சோதனையில் தோற்றுவிடுகின்றன. அவற்றின் உலோகச் சட்டம் அரைவாசிதான் திறக்கும்.

விசாலத்தின் இன்னொரு கூறு காற்றோட்டம். பறித்த பின்னரும் கொழுந்து ஜீவனோடு இருக்கிறது. அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். அது சுவாசித்துக்கொண்டே உஷ்ணத்தை வெளிவிடுகிறது. காற்றுப் புகாமல் அமுக்கி அடைத்தால் அந்த உஷ்ணம் உள்ளேயே தங்கிப் பெருகும். கசங்கிய இலையில் உயிரணுக்களின் சுவர்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த நொதிப்பொருளும் பாலிபீனால்களும் ஒன்று கலந்து இலை சிவக்கத் தொடங்கும். தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி, அதற்குப் பின்னர் நிகழவேண்டிய மாற்றம் மலையிலேயே நிகழ்ந்துவிட்டால், ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் வறண்ட காற்றில் திம்புள்ளத் தேயிலைக்கு வாய்க்கும் புகழ்பெற்ற நறுமணம் வீணாகும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டியிருக்க, ஒவ்வொரு பிடியும் அருமையானதே. பின்னலின் இடைவெளிகள் இந்தக் கேட்டைத் தடுத்தன. மழை நாளில் இலையோடு வந்த நீரும் அவற்றின் வழியே வடிந்தது.

இவ்வளவு சிறப்பிருந்தும் கூடை இன்று தோட்டங்களில் அருகிவிட்டது. நைலோன் பைகளும் சாக்குகளும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவை இலேசானவை, மலிவானவை, மடித்து வைக்கத்தக்கவை; வெறுங்கூடையின் கனத்தையும் சேர்த்துச் சுமந்த பெண்களுக்கு இந்த மாற்றம் ஆறுதலளித்தது என்பதை மறுத்தல் நியாயமாகாது. தலைக்கயிறு ஆண்டுக்கணக்கில் கழுத்தை இழுத்த வேதனையைப் புகைப்படங்கள் காட்டுவதில்லை. உல்லாசப் பயண விளம்பரங்களில் கூடை அழகாக இருக்கிறதென்பதற்காக அதை மீண்டும் எவர் தலையிலும் மாட்டச் சொல்பவன் நானல்லன். ஆயினும் நெருக்கமான சாக்கில் காற்றோட்டம் இல்லை. அதன் வாய் தானே திறந்து நிற்பதுமில்லை. கொழுந்தை அமுக்கித் திணிக்கும் ஆசையை அது தூண்டுகிறது.

கூடையின் இரண்டாவது வாழ்க்கை வீட்டிலும் வீதியிலும் அமையலாம். காய்கறிச் சந்தைக்கும், புத்தகங்கள் கொண்டுபோவதற்கும், குழந்தையின் துணிமணிகளுக்கும் அதைவிட விசாலமான பழம்பொருள் நம் நாட்டில் அரிது. பழைய கூடையொன்று கிடைத்தால், முதலில் அதைக் கவிழ்த்து அடியின் நான்கு மூலைகளையும் பாருங்கள். தேய்மானம் அங்கேதான் ஆரம்பமாகும். பிறகு விளிம்பை இரு கைகளாலும் அழுத்துங்கள். நெகிழ்ந்து மீள்வது நல்லது, கிறீச்சிட்டு முறிவது ஆகாது. மெல்லிய மாவுபோன்ற தூள் உதிர்ந்தால், மூங்கிலின் மாச்சத்தை உண்ணும் துளைவண்டு உள்ளே குடியிருக்கிறது என்று அறிந்து விலகிவிடுங்கள். நல்ல கூடையாயின் ஈரத்துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்தி, உட்புறம் பருத்தித் துணி தைத்துக்கொண்டால் சில்லறைச் சாமான்கள் பின்னலின் வழியே நழுவிவிடாமல் தங்கும். தலைக்கயிற்றுக்குப் பதிலாக இரு தோள்களுக்கும் அகன்ற பட்டி வைத்துக்கொள்வது உத்தமம்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. கொழுந்துக்கென்று புதிய பைகளைத் தருவிக்கும்போது, வலைபோன்ற சுவரும், விறைப்பான அகன்ற வாயும், தோளில் படியும் பட்டிகளும் உள்ளவற்றையே தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்குமுன் அவற்றை மலையில் ஒரு நாள் சுமந்து பார்த்த பெண்களின் அபிப்பிராயத்தைக் கேளுங்கள்.