தாய் கையில் இருக்கும் மருத்துவக் குறிப்பேடு

ஜப்பானில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். அதோடு ஏழு வண்ணங்கள் அச்சிட்ட ஓர் அட்டையும் உண்டு. குழந்தையின் துணியை மாற்றும்போது, மலத்தின் நிறம் எந்த வண்ணத்தோடு ஒத்துப்போகிறது என்று தாய் வைத்துப் பார்க்கிறார். முதல் மூன்று வண்ணங்களும் வெளிறியவை. அவற்றில் ஒன்றோடு பொருந்தினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பித்தநாளம் அடைபட்ட குழந்தைக்குப் பித்தநீர் குடலுக்கு வராது, மலம் வெளுத்துப்போகும். பிறந்து 60 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்தால் கல்லீரல் தப்பிக்கும் வாய்ப்பு கூடும். இந்த அறிகுறி மருத்துவர் கண்ணில் படுவதற்கு முன் வீட்டில் இருப்பவர் கண்ணில்தான் படும். அதனால்தான் 2012 முதல் நாடு முழுவதும் தாய்-சேய் நலக் கையேட்டிலேயே இந்த அட்டையைச் சேர்த்தார்கள்.

இந்தக் கையேடு பிறந்தது போர்க்காலத்தில். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவக் குறிப்புகளைத் தாங்களே வைத்திருப்பதை மிட்சுவோ செகி என்ற ஜப்பானிய மருத்துவர் கண்டிருந்தார். பின்னர் சுகாதார அமைச்சகத்தில் பணியாற்றியபோது அதே முறையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1942இல் கர்ப்பிணிகளுக்கான கையேடு வந்தது. மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்ற போர்க்கால அரசின் கணக்கும் அதன் பின்னால் இருந்தது உண்மை. ஆனால் பெண்கள் அதை விரும்பி வாங்கியதற்குக் காரணம் வேறு. கர்ப்பத்தைப் பதிவு செய்து கையேட்டைப் பெற்றால் கூடுதல் ரேஷன் கிடைத்தது. பஞ்ச காலத்தில் அரிசியும் சர்க்கரையும் பருத்தித் துணியும் சாதாரண விஷயமா?

போர் முடிந்ததும் நோக்கம் மாறியது. 1948இல் தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே கையேடு ஆனது. கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் ஒரே இடத்தில். இதில்தான் அதன் பலம். வீடு மாறினாலும், பிரசவம் ஓர் ஊரிலும் வளர்ப்பு வேறோர் ஊரிலும் ஆனாலும், குழந்தையின் கதை துண்டுபடாமல் கூடவே வருகிறது. 1950இல் ஜப்பானில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 60 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை இரண்டுக்கும் கீழே. மருந்துகள், சுகாதார வசதி, 1961இல் அனைவருக்கும் வந்த மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. எல்லாப் புகழையும் கையேட்டுக்கே கொடுப்பது நியாயமாகாது.

ஆப்பிரிக்காவில் இதே எண்ணம் வேறு வழியில் வளர்ந்தது. நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் பணியாற்றிய ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டேவிட் மோர்லி, குழந்தையின் எடையை மாதாமாதம் புள்ளி வைத்துக் கோடாக இழுக்கும் அட்டையை உருவாக்கினார். கோடு மேலே ஏறினால் நல்லது. ஏறாமல் படுத்துவிட்டால், குழந்தை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எங்கோ கோளாறு என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கோடு புரியும். அட்டையைத் தாயிடமே கொடுத்து வைத்தார் மோர்லி.

இந்தியாவில் அங்கன்வாடியில் எடைக்கு ஒரு பதிவு, சுகாதாரத் துறையில் தடுப்பூசிக்கு ஓர் அட்டை என்று தனித்தனியாக இருந்தன. 2010இல் இரு துறைகளும் சேர்ந்து தாய் சேய் பாதுகாப்பு அட்டையைக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள் கொண்டுவருவது இதைத்தான். பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் தனித்தனி வளர்ச்சிப் படம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டைகள். நர்சம்மா அடுத்த ஊசிக்கான தேதியை எழுதித் தருவதோடு நின்றுவிட்டால் அட்டையின் பாதிப் பயன் வீண். எடைப் புள்ளியைத் தாயின் கண்முன்னே வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு போட்டு, என்ன பொருள் என்று ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். கூட்டம் நெருக்கும் நாளில் முதலில் காணாமல் போவது அந்த ஒரு நிமிடம்தான். அதற்கான ஆளையும் நேரத்தையும் தருவது அரசின் கடமை. செவிலியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவமனைப் பதிவுகளோடு கூட வீட்டுப் பதிவுகளும் இருக்க வேண்டும் என்கிறது. ஆதாரங்கள் இன்னும் வலுவாக இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை. அது எதிர்பார்க்கும் பலன்களில் கணவர்கள் பொறுப்பில் பங்கெடுப்பதும் ஒன்று. புத்தகம் வீட்டில் கிடந்தால் அப்பாவும் புரட்டிப் பார்ப்பார் அல்லவா! இப்போது செல்போனுக்கும் பதிவுகள் வந்துவிட்டன. பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனம் 2017இல் ஜோர்டானில் இதற்கென ஒரு செயலியைத் தொடங்கியது.

கையேட்டில் இடம் கிடைக்காமல் போன தாய்மாரும் உண்டு. ஜப்பானியக் கையேட்டின் வளர்ச்சிப் படத்தில் எடை ஒரு கிலோவிலிருந்துதான் தொடங்கியது. அதற்கும் குறைவாகப் பிறந்த குழந்தைக்குப் புள்ளி வைக்கவே இடமில்லாமல் இருந்தது. இந்த மாதத்தில் தலை நின்றதா, தவழ்ந்ததா என்ற கேள்விகளுக்கு அந்தத் தாய்மார் மாதாமாதம் 'இல்லை' என்றே குறிக்க வேண்டியிருந்தது. ஷிசுவோகா மாகாணத்தில் இப்படிப்பட்ட அம்மாக்களின் குழு ஒன்று 2011இல் தாங்களே ஒரு கையேட்டைத் தயாரித்தது. 2018இல் மாகாண நிர்வாகம் அதைத் தன் கையேடாகவே ஏற்று வெளியிட்டது. பிற மாகாணங்களும் பின்தொடர்ந்தன. அதில் எடை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஆமா, இல்லையா என்ற கேள்விக்குப் பதிலாக, குழந்தை முதன்முதலில் தலை நிமிர்த்திய தேதியை எழுத இடம் விட்டிருக்கிறார்கள்.